நூலில் மலர்ந்த பூக்கள்

கால்டுவெல் என்ற பெயரைத் தமிழ் மக்கள் மறக்க மாட்டார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலிய மொழிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று ஆராய்ந்து நிலைநாட்டிய அறிஞர் அவர். சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை இருக்கிறது.

அவருடைய மனைவியைப் பற்றி அறிந்தவர்கள் சிலரே. அந்த அம்மையாரின் பெயர் எலிசா. ஏழைப் பெண்களின் கையில் நூலைக் கொடுத்து, அதன் மூலம் எழுத்தையும் வருமானத்தையும் கொடுத்தவர் அவர்.

நாகர்கோவிலில்

எலிசா 1822-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை சார்லஸ் மால்ட். தாய் மார்த்தா. இருவரும் இங்கிலாந்திலிருந்து 1819-ஆம் ஆண்டு நாகர்கோவிலுக்கு வந்தவர்கள். தந்தை லண்டன் மிஷன் பாதிரியார்.

நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே எலிசா வளர்ந்தார். தமிழ் அவருக்குப் படித்துத் தெரிந்த மொழி அல்ல. பேசிப் பழகிய மொழி!

மார்த்தா அம்மையார் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். பெண்களைப் படிக்க வைப்பதை அக்காலத்தில் யாரும் விரும்பவில்லை. பள்ளியை நடத்தப் பணமும் வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டார் மார்த்தா. 1821-ஆம் ஆண்டு வாக்கில், படிக்க வந்த பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக் கொடுத்தார்.

ரேந்தை என்றால் என்ன?

துணியின் ஓரத்தில் வலை போல் வைத்துத் தைக்கிறார்களே, "லேஸ்", அதுதான் ரேந்தை.

இப்போது அதை எந்திரம் பின்னுகிறது. அன்று எல்லாம் கைவேலை. தடித்த தாளில் பூவும் கொடியும் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளையிடுவார்கள். அந்தத் தாளை ஒரு கெட்டியான திண்டின் மேல் பொருத்துவார்கள். துளைகளில் குண்டூசிகளைக் குத்துவார்கள். சிறு மரக்குச்சிகளில் நூலைச் சுற்றி, இரண்டு இரண்டாக எடுத்து, ஊசிகளைச் சுற்றி மாற்றி மாற்றிப் பின்னுவார்கள். ஊசிகளைக் கழற்றினால் தாளில் இருந்த ரோஜா நூலில் மலர்ந்திருக்கும்!

துணியே இல்லாமல் பூ பின்னும் இந்த வேலைக்கு இங்கிலாந்தில் ஹானிட்டன் என்ற ஊர் பெயர் பெற்றது. விக்டோரியா மகாராணி 1840-இல் மணக்கோலத்தில் அணிந்த ரேந்தை அந்தப் பகுதிப் பெண்கள் பின்னியதுதான்.

நூல் கொடுத்த விடுதலை

திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது. நிலத்தை விற்பதுபோல் மனிதர்களையும் விற்றார்கள். 1855-ஆம் ஆண்டில்தான் அது ஒழிந்தது.

தாழ்த்தப்பட்ட பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியவும் தடை இருந்தது. பல ஆண்டுகள் கலவரம் நடந்தது. 1859-ஆம் ஆண்டு மன்னர் ஆணை பிறந்த பிறகே நாடார் பெண்களுக்கு மேலாடை அணிய அனுமதி கிடைத்தது. அப்போதும் உயர் சாதியார் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்று நிபந்தனை!

இந்தக் கொடுமைகளுக்கு நடுவே மார்த்தாவின் பள்ளியில் அடிமைகளின் மகள்களும் படித்தார்கள். அவர்கள் பின்னிய ரேந்தையை வெள்ளைக்காரக் குடும்பத்தார் விலை கொடுத்து வாங்கினார்கள். கூலி பின்னியவர்களுக்குக் கிடைத்தது. அதைச் சேர்த்து வைத்து, எசமானரிடம் கொடுத்து, தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்களும் உண்டு!

இவற்றை எல்லாம் கண்ணால் கண்டு வளர்ந்தவர் எலிசா.

தேரிக்காட்டில் ஒரு பள்ளி

1844-ஆம் ஆண்டு மார்ச் மாதம் எலிசாவுக்கும் ராபர்ட் கால்டுவெல்லுக்கும் திருமணம் நடந்தது. கணவரின் ஊர் திருநெல்வேலிச் சீமையில் உள்ள இடையன்குடி. செம்மணல் தேரி, பனை மரங்கள், கடும் வெயில். இதுதான் ஊர்.

பெரும்பாலோருக்குப் பனைத் தொழிலே பிழைப்பு. ஆண்கள் மரம் ஏறிப் பதநீர் இறக்குவார்கள். பெண்கள் அதைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பார்கள். ஆண்டில் சில மாதங்களே இந்த வேலை. மற்ற மாதங்களில் வீட்டில் வறுமை.

எலிசா அம்மையார் அங்கே பெண்களுக்கு உணவும் இடமும் கொடுத்துப் பள்ளி நடத்தினார். படிப்புடன், தாயிடம் கண்ட ரேந்தை வேலையையும் கற்றுக் கொடுத்தார். பனை ஓலை முடைந்து பழகிய விரல்கள் நூலில் பூக்களைப் பின்னின. பெண்ணைப் படிக்க அனுப்பினால் நஷ்டம் என்று எண்ணிய வீட்டில், அந்தப் பெண்ணின் கூலியால் அடுப்பு எரிந்தது.

கணவருக்குத் துணை

கால்டுவெல் தமிழ் நூல்களைக் கற்றவர். ஆனால் வீட்டிலும் வயலிலும் மக்கள் பேசும் தமிழில் அம்மையார்தான் தேர்ந்தவர். அந்தப் பேச்சுத் தமிழ் கணவருக்குப் பெரிதும் உதவியது. 1856-ஆம் ஆண்டு கால்டுவெல்லின் புகழ்பெற்ற ஒப்பிலக்கண நூல் லண்டனில் வெளியாயிற்று.

கணவர் நூல் எழுதினார். 33 ஆண்டுகள் பாடுபட்டு இடையன்குடியில் பெரிய ஆலயம் கட்டினார். மனைவி 7 குழந்தைகளைப் பெற்றார். குடும்பத்துடன் பெண்கள் பணியையும் கவனித்தார். 40 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பணி நடந்தது.

1891-ஆம் ஆண்டு கால்டுவெல் கொடைக்கானலில் காலமானார். இடையன்குடி ஆலயத்திலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. எலிசா அம்மையார் 1899-ஆம் ஆண்டு காலமானார்.

இடையன்குடியில் கால்டுவெல் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு நினைவு இல்லமாக்கியது. அது எலிசா அம்மையார் வாழ்ந்த வீடும்தான். தாயும் மகளும் கற்றுக் கொடுத்தது பூ வேலை மட்டும் அல்ல. தன் உழைப்பின் கூலியைத் தன் கையிலே வாங்கலாம் என்பதை, அதுவரை காசையே காணாத பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.