நாடற்றவர்களுக்குப் பாஸ்போர்ட் கொடுத்தவர்

முன்னால் கடல், பின்னால் நெருப்பு. நடுவே கையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக லட்சக்கணக்கான ஜனங்கள்!

1922-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் துருக்கியில் ஸ்மிர்னா என்ற துறைமுகப் பட்டணத்தில் கண்ட காட்சி இது. (இஸ்மீர் என்பது அந்த ஊரின் இன்றைய பெயர்.) யுத்தத்தில் கிரேக்கப் படை தோற்று ஓடியது. துருக்கிப் படை ஊருக்குள் வந்தது. சில நாட்களில் ஊர் பற்றி எரிந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வந்த கிரேக்கர்களும் ஆர்மீனியர்களும் கப்பலை எதிர்பார்த்துக் கரையில் காத்துக் கிடந்தார்கள்.

இப்படி வீடு வாசலை இழந்தவர்களுக்காகத் தம் வாழ்வின் கடைசிப் பத்து ஆண்டுகளைச் செலவிட்டவர் பிரிட்ஜாப் நான்சன்.

பனியில் நடந்தவர்

நான்சன் நார்வே நாட்டுக்காரர். 1861-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி பிறந்தார். விலங்கியல் படித்து டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் அவரை உலகம் அறிந்தது படிப்பினால் அல்ல, துணிச்சலால்.

1888-ல், ஐந்து துணைவர்களுடன் கிரீன்லாந்துத் தீவின் பனிப் பாலைவனத்தைக் குறுக்கே கடந்தார். அதற்கு முன் முயன்ற பலர், ஊர்கள் உள்ள மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டார்கள். கஷ்டம் வந்ததும் திரும்பி விட்டார்கள். நான்சனோ, ஆள் நடமாட்டம் அதிகம் இல்லாத கிழக்குக் கரையில் போய் இறங்கினார். திரும்பினால் தங்க இடம் இல்லை. முன்னேறினால்தான் உயிர் பிழைக்கலாம். வேண்டுமென்றே அப்படித் திட்டம் போட்டார்!

பிறகு 'பிராம்' என்ற கப்பலில் வடதுருவத்தை நோக்கிப் போனார். துருவத்தை எட்டவில்லை. ஆனால் அதுவரை எவரும் போகாத தூரம் போனார். கல்லும் வால்ரஸ் தோலும் கொண்டு கட்டிய குடிசையில், கரடி இறைச்சியைத் தின்று, ஒரு துணைவருடன் குளிர்காலம் முழுவதையும் கழித்தார். 1896-ல் அவர் ஊர் திரும்பியபோது நார்வே முழுவதும் திருவிழாதான்.

போருக்குப் பின்

முதல் உலக யுத்தம் முடிந்தது. ஆனால் லட்சக்கணக்கான போர்க் கைதிகள் சைபீரியாவிலும் ஜெர்மனியிலும் கிடந்து வாடினார்கள். அவர்களை ஊர் சேர்க்கும் பொறுப்பை, 1920-ல் சர்வதேச சங்கம் நான்சனிடம் ஒப்படைத்தது. நாலு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை அவர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார். கைதிகளுக்கு வீடு இருந்தது; வழிதான் இல்லை.

அடுத்து வந்தவர்களுக்கோ வீடே இல்லை. ருஷ்யாவில் புரட்சியும் உள்நாட்டுப் போரும் நடந்தன. தோற்ற படையினர், பிரபுக்கள், வியாபாரிகள், சாதாரணக் குடியானவர்கள் என்று பத்து லட்சத்துக்கு மேல் வெளியேறினார்கள். 1921-ல் வால்கா நதிப் பகுதியில் மழை பொய்த்தது. தானியத்தை ஏற்கெனவே அரசாங்கம் பறித்திருந்தது. கொடிய பஞ்சம் வந்தது. உதவிக் கடன் கேட்டு நான்சன் சர்வதேச சங்கத்தில் மன்றாடினார். ருஷ்ய ஆட்சியைப் பிடிக்காத அரசுகள் கையை விரித்து விட்டன. பசித்த பிள்ளைக்கு எந்தக் கட்சி?

ஒரு தாள்

1921 டிசம்பரில் ருஷ்ய அரசு, வெளியேறியவர்களின் குடியுரிமையை ரத்துச் செய்தது. அவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தம் இல்லாதவர்கள் ஆனார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் எல்லையைக் கடக்க முடியாது. எல்லையைக் கடக்காமல் வேலை தேட முடியாது.

1922 ஜூலையில் நான்சன் ஒரு வழி கண்டார். அகதிகளுக்கென்றே ஒரு சான்றிதழ் ஏற்பட்டது. அதுவே 'நான்சன் பாஸ்போர்ட்'. அதைக் காலப்போக்கில் ஐம்பதுக்கு மேற்பட்ட அரசுகள் ஏற்றுக்கொண்டன. அதில் ஒட்டும் ஸ்டாம்பில் நான்சனின் படம் இருந்தது. ஸ்டாம்பு விற்ற பணம் ஏழை அகதிகளுக்குப் போயிற்று. இந்தச் சீட்டிலும் ஒரு குறை உண்டு. ஆரம்பத்தில், அதைக் கொடுத்த நாடே அகதியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை!

அதே ஆண்டு அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. பணத்தை நிவாரண வேலைகளுக்கே கொடுத்து விட்டார்.

பண்டமாற்று அல்ல, ஜன மாற்று

ஸ்மிர்னாவிலும் மற்ற இடங்களிலும் இருந்து தப்பி வந்த சுமார் பத்து லட்சம் பேரைச் சின்னஞ்சிறு கிரீஸ் எங்கே வைக்கும்? கிரீஸில் உள்ள முஸ்லிம்களைத் துருக்கிக்கு அனுப்பினால் அந்த வீடும் நிலமும் வந்தவர்களுக்குக் கிடைக்கும் என்ற யோசனையை நான்சனும் ஆதரித்து முன்வைத்தார். 1923 ஜனவரியில் லாசான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. யாரையும் சம்மதம் கேட்கவில்லை. மதத்தை மட்டும் பார்த்தார்கள். துருக்கி மொழி தவிர வேறு மொழி தெரியாத கிறிஸ்தவர்கள் கிரீஸுக்குப் போனார்கள். கிரேக்க மொழி பேசிய கிரீட் தீவின் முஸ்லிம்கள் துருக்கிக்குக் கப்பல் ஏறினார்கள். மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் இப்படிப் பெயர்க்கப்பட்டார்கள்.

அன்று அது மேலும் ரத்தம் சிந்தாமல் தடுத்தது என்பவர் உண்டு. அகதிகளின் நண்பர் புதிய அகதிகளை உண்டாக்க உடன்பட்டார் என்பவரும் உண்டு. இரண்டும் உண்மையே. கிரீன்லாந்தில் திரும்ப முடியாத வழியை நான்சன் தாமாகத் தேர்ந்தெடுத்தார். இந்த ஜனங்களுக்கு அதை மற்றவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

1925-ல் நான்சன் ஆர்மீனியாவுக்குப் போனார். படுகொலைக்குத் தப்பிய ஆர்மீனியர்களை அங்கே குடியேற்ற, வறண்ட நிலத்துக்கு நீர் பாய்ச்சும் திட்டம் தயாரித்தார். ஆண்டுதோறும் பணம் கேட்டார். அரசுகள் தரவில்லை.

1930-ம் ஆண்டு மே 13-ந் தேதி, தம் வீட்டில் நான்சன் காலமானார். நான்கு நாள் கழித்து, மே 17-ந் தேதி, நார்வேயின் தேசிய தினத்தன்று, அவருக்கு இறுதிச் சடங்கு நடந்தது.