விதை சேர்த்த வாவிலோவ்

பரோட்டாக் கடையில் மாவு பிசையும் தோழரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மூட்டை மாவு ரப்பர் போல் இழுபடும். வீசினால் காகிதமாய் விரியும். அடுத்த மூட்டை, அதே கை, அதே தண்ணீர், ஆனாலும் பிய்ந்து பிய்ந்து போகும். குற்றம் கையிலா? இல்லை. அந்தக் கோதுமை எந்த மண்ணில் நின்றது, மணி பிடிக்கும் நாளில் மழை பெய்ததா, வெயில் காய்ந்ததா என்பதில் இருக்கிறது பாதிக் காரணம். மாவை இழுபட வைப்பது மணிக்குள் இருக்கும் புரதம். அந்தப் புரதம் விதைக்கு விதை வேறுபடும். ஒரே விதையிலும் ஊருக்கு ஊர் வேறுபடும்.

இந்த உண்மையை ஒரு மாபெரும் நாட்டையே சோதனை வயலாக்கிக் காட்டியவர் நிக்கொலாய் இவானோவிச் வாவிலோவ் என்ற ருஷ்ய விஞ்ஞானி. உலகத்தின் பசியைத் தீர்க்க விதை சேர்த்தவர். 1943-ஆம் ஆண்டு சிறைக்கூடத்தில் உணவின்றி மெலிந்து மாண்டவர். அவர் கதையை நாம் சொல்லப் புகுவது யாரையும் மகிழ்விக்க அல்ல. சோவியத் நாட்டை நேசித்தவர்கள் நாம். நேசித்தவர்களுக்குத்தான் இதைச் சொல்லும் கடமையும் இருக்கிறது.

வாவிலோவ் 1887 நவம்பரில் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, நகரத்துக்கு வந்து ஜவுளி வியாபாரத்தில் பொருள் சேர்த்தவர். மகன் கடையில் உட்காரவில்லை. 1906-ல் விவசாயக் கல்லூரிக்குப் போனார். அவருடைய தம்பி செர்கேய் பௌதிக விஞ்ஞானியாகிப் பிற்காலத்தில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் தலைவராகவே அமர்ந்தார். அண்ணன் 1913-ல் இங்கிலாந்து சென்று, மரபியல் என்ற அந்நாளைய புதிய விஞ்ஞானத்தை பேட்ஸனிடம் பயின்றார். உலக யுத்தம் மூண்டதும் நாடு திரும்பினார்.

1916-ல் அவருக்கு ஒரு விசித்திரமான வேலை வந்தது. பாரசீகத்தின் வடக்கே இருந்த ருஷ்யச் சிப்பாய்கள் ரொட்டி தின்று மயங்கி விழுந்தார்கள். ஏன் என்று பார்த்து வரச் சொன்னது ஜார் அரசாங்கம். கோதுமையோடு கலந்து விளைந்த ஒரு களையின் விதையும், அதில் ஒட்டிய பூஞ்சணமும் செய்த வேலை அது என்று கண்டுபிடித்தார் வாவிலோவ். வேலை முடிந்தது, ஆனால் அவர் திரும்பவில்லை. பாரசீகத்திலும் பாமீர் மலைகளிலும் கண்ட வயலில் எல்லாம் கதிர் கொய்துகொண்டே போனார். ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதினார், ஜெர்மன் புத்தகம் வைத்திருந்தார் என்பதற்காக எல்லையில் அவரை ஒற்றன் என்று சந்தேகித்துச் சில நாள் பிடித்தும் வைத்தார்கள். அன்று அது வேடிக்கையாய் முடிந்தது.

மலை வயல்களில் அவர் கண்ட காட்சி ஒன்றைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். அடிவாரத்தில் உழவன் கோதுமை விதைக்கிறான். அதில் ரை என்ற தானியம் களையாக அங்கொன்றும் இங்கொன்றுமாய் நிற்கிறது. அதே விதையை மேலே ஏறி விதைக்க விதைக்க, குளிர் கோதுமையை அடிக்கிறது, ரை தாங்குகிறது. இன்னும் மேலே போனால் வயலில் பாதிக்குமேல் ரை. உச்சியில் கோதுமையே இல்லை. உழவன் விதைத்தது கோதுமை. மலை அறுவடைக்குக் கொடுத்தது ரை! களையாய் வந்ததே மலை உச்சியில் பயிராகிவிட்டது என்று வாவிலோவ் முடிவு கட்டினார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும், தோழர்களே. குளிர் கோதுமையை ரையாக மாற்றவில்லை. கலந்து கிடந்த இரண்டில் ஒன்றைக் கொன்று மற்றொன்றை விட்டது. இந்த வேறுபாடுதான் பின்னால் ஒரு மனிதரின் உயிரைக் குடித்த வழக்காயிற்று.

புரட்சி நடந்த 1917-ல் அவர் வோல்கா நதிக்கரையில் உள்ள சரத்தோவ் நகரத்துக்குப் பேராசிரியராகப் போனார். 1921-ல் பெத்ரோகிராடு நகரத்துப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். அந்த ஆண்டு வோல்காப் பிரதேசத்தில் மழை பொய்த்தது. லட்சக்கணக்கான மக்கள் பஞ்சத்தில் மடிந்தார்கள். உள்நாட்டு யுத்தத்தில் சிதைந்த நாடு. விதைத் தானியத்தையும் தின்றுவிட்ட கிராமங்கள். இளம் சோவியத் அரசு இந்த நிலையிலும் விஞ்ஞானத்துக்குப் பணம் ஒதுக்கியது, கட்டடம் கொடுத்தது, பயணத்துக்கு அனுப்பியது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் அல்லவா?

1923-ல் அவர் தொடங்கிய சோதனையே நம் கதையின் நடுநாயகம். ஒரே பயிரின் விதையை இடம் மாற்றி விதைத்துப் பார்ப்பதை வேறு நாட்டவர் சிறு அளவில் செய்திருந்தார்கள். வாவிலோவ் செய்ததோ வேறு அளவு. ஒரே மூட்டை விதையைப் பங்கிட்டு, துருவப் பனியை ஒட்டிய வடக்கிலிருந்து துர்க்மேனியப் பாலைவனம் வரை, மேற்கு எல்லையிலிருந்து தூரக் கிழக்கு வரை, நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு அனுப்பினார். கோதுமை மட்டுமல்ல, வாற்கோதுமை, பயறு, ஆளி என்று பல பயிர்கள். எங்கும் ஒரே முறையில் விதைத்து, முளைத்த நாள், கதிர் வந்த நாள், செடியின் உயரம் எல்லாம் எழுதி, விளைந்த மணியைத் திருப்பி அனுப்ப வேண்டும். 1927 வரை ஆண்டுதோறும் இது நடந்தது. தபால் வண்டி ஒழுங்காய் ஓடாத காலத்தில் இது எப்படி நடந்தது என்பதே ஓர் அதிசயந்தான்!

திரும்பி வந்த மணிகளை ரசாயன நிபுணர்கள் அரைத்துச் சோதித்தார்கள். தெரிந்தது என்ன? மழையும் ஈரமும் மிகுந்த வடமேற்கிலிருந்து வறண்ட தென்கிழக்கு நோக்கிப் போகப் போக, அதே கோதுமையின் புரதம் ஏறிக்கொண்டே போயிற்று. வடமேற்கில் விளைந்த மணி வெளுத்து, மாவு போல் மென்மையாய் இருந்தது. வோல்காவின் வறண்ட சமவெளியில் விளைந்தது கண்ணாடி போல் மினுங்கிக் கடினமாய் இருந்தது. செடியின் உயரம் மாறியது, வயது மாறியது. ஆனால் கதிரின் வடிவம், மணியின் நிறம், மீசை உண்டா இல்லையா என்பவை அப்படியே நின்றன. எந்தக் குணம் ஊருக்கு வளையும், எந்தக் குணம் வளையாது என்று முதன்முறையாக இவ்வளவு பெரிய அளவில் தெரிந்தது.

ஏன் இப்படி? இன்று நமக்கு நன்றாகவே தெரியும். மணியில் பெரும்பகுதி மாவுச்சத்து. அது பூத்த பிறகு, இலை வெயிலில் சமைத்து அனுப்பும் சத்து. புரதத்துக்கு வேண்டிய தழைச்சத்தையோ செடி முன்பே வேரால் உறிஞ்சி இலையிலும் தண்டிலும் சேமித்து வைத்திருக்கிறது. மணி பிடிக்கும்போது அதை எடுத்துக் கொடுக்கிறது. வெயிலும் வறட்சியும் வந்து மணி பிடிக்கும் நாள் குறைந்தால், மாவுச்சத்து நிரம்ப நேரமில்லை. புரதம் ஓரளவு வந்து சேர்ந்துவிடும். மணி சிறுக்கும், விளைச்சல் குறையும், புரத விகிதமோ கூடும். குளிர்ச்சியும் ஈரமும் நீடித்தால் மாவுச்சத்து நிரம்பி வழியும். புரதம் அதில் கரைந்தது போலாகும். மூட்டை எண்ணிக்கை கூடும், ரொட்டி உப்பாது. மண்ணில் தழைச்சத்து இருந்தால்தான் இந்தக் கணக்கும் சரிவரும். வோல்காப் பக்கத்துக் கரிய மண்ணில் அது இருந்தது. வெயில் அளவு மீறினால் புரதம் இருந்தும் மாவு வலுவிழக்கும். அறுவடை நாளில் மழை பிடித்தால் கதிரிலேயே மணி முளைவிட்டு, ரொட்டி பிசினாய்ப் போகும். விளைச்சலும் தரமும் ஒன்றையொன்று இழுக்கும் கயிறு. இரண்டையும் ஒருசேரப் பெறுவது உழவனுக்கு இன்றும் எளிதல்ல.

சரத்தோவில் விளைந்த அந்தக் கடின மணியை எடுத்து வடமேற்கில் விதைத்தால் என்ன ஆகும்? மறுபடியும் வெளுத்த மென்மணிதான் விளையும். வயலும் வானமும் அந்த ஆண்டு மணியை மாற்றின. விதையின் மரபை மாற்றவில்லை. ஆகவே ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஏற்ற மரபுள்ள விதையைத் தேடி எடுக்க வேண்டும், இனம் சேர்த்து உருவாக்க வேண்டும் என்றார் வாவிலோவ். தேடுவது எங்கே? பயிர்கள் பிறந்த இடத்தில். 1924-ல் ஆப்கானிஸ்தானில் இந்துகுஷ் மலையைக் கடந்தார். 1926-27-ல் மத்தியதரைக் கடல் நாடுகளும் அபிசீனியாவும். அங்கே மீசையில்லாத கடினக் கோதுமையைக் கண்டெடுத்தார். பிறகு சீனம், ஜப்பான், மெக்ஸிகோ, தென்னமெரிக்கா. 1926-ல் பயிர்களின் பிறப்பிடம் பற்றிய நூலை வெளியிட்டு லெனின் பரிசும் பெற்றார். அவருடைய நிலையத்தில் சேர்ந்த விதை மாதிரிகள் 1940-க்குள் இரண்டு லட்சத்துக்கு மேல்.

இதற்கிடையில் உக்ரேனிய விவசாயி மகன் ஒருவர், த்ரோஃபிம் லைசென்கோ, பத்திரிகைகளில் புகழ் பெற்றுவந்தார். குளிர்காலக் கோதுமை விதையை ஊறவைத்துக் குளிரில் வைத்திருந்து வசந்தத்தில் விதைத்தால் அது அந்த ஆண்டே கதிர்விடும் என்று காட்டினார். அது உண்மைதான், வாவிலோவும் தொடக்கத்தில் இந்த இளைஞரை ஆதரித்தார், மேடையேற்றினார். (தன்னைக் குத்தப்போகும் கத்தியைத் தானே தீட்டிக் கொடுத்தார் என்று பிற்காலத்தில் சிலர் வருந்தியது நியாயமே.) ஆனால் லைசென்கோ அங்கே நிற்கவில்லை. சூழ்நிலையை மாற்றினால் மரபே மாறும், குளிர்காலக் கோதுமை நிரந்தரமாக வசந்தக் கோதுமையாகும் என்றார். சான்று? ஓரிரு செடிகள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு வரிசை இல்லை, புள்ளிக்கணக்கு இல்லை. குளிர் பட்ட அந்தச் செடியின் பிள்ளை விதைக்கு மறுபடி குளிர் வேண்டும் என்பதே உண்மை. கோதுமைக்குக் குளிரை உணர்த்தும் மரபணு ஒன்றை 2003-ல் பிரித்தெடுத்தும் காட்டிவிட்டார்கள்.

பின் ஏன் லைசென்கோ வென்றார்? 1932-33-ல் மீண்டும் பெரும்பஞ்சம். மேலிடம் அவசரப்பட்டது. பத்தாண்டுக்கு மேல் பிடிக்கும் விதை வேலையை நாலைந்து ஆண்டில் முடி என்றது. முடியாது என்று சொன்னவர் வாவிலோவ். முடியும் என்று சொன்னவர் லைசென்கோ. இன்னொரு காரணமும் உண்டு. மரபு என்ற சொல்லை ஹிட்லரின் கூட்டம் மனிதர்மீது ஏவி இனவெறி பேசிய காலம் அது. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுகிறவர்களை எதிர்க்கும் நமக்கும் அந்தச் சொல் கசக்கத்தான் செய்யும். ஆனால் கோதுமையின் மரபு வேறு, மனிதன்மேல் சுமத்திய பொய் வேறு. அதைப் பிரித்துப் பார்க்க மறுத்தவர்கள் மரபியலையே மக்கள் விரோதம் என்று முத்திரை குத்தினார்கள். ஒரு வயலில் தீரவேண்டிய வழக்கை மேடையில் கைதட்டலால் தீர்த்தார்கள். உட்கட்சி வாதம் வேறு, விஞ்ஞானச் சோதனை வேறு என்பதை ஸ்டாலின் காலத்துத் தலைமை மறந்தது. இது சிறு தவறல்ல, பெருங்குற்றம்.

1938-ல் விவசாய விஞ்ஞானக் கழகத்தின் தலைவரானார் லைசென்கோ. அந்தக் கழகத்தின் முதல் தலைவர் வாவிலோவ். 1939-ல் எடின்பரோவில் கூடிய உலக மரபியல் மாநாடு வாவிலோவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. போக அனுமதி கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு, கொள்கையை மாற்றிக்கொண்டு, பதவியில் தொடர்ந்திருக்கலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள். அவர் செய்யவில்லை.

1940 ஆகஸ்டு 6. கார்ப்பாத்திய மலைப்பக்கம் பயிர் தேடிக்கொண்டிருந்த இடத்தில் அவரைக் கைது செய்தார்கள். விட்டுச்சென்ற பையைப் பிறகு உடன்வந்தவர்கள் பிரித்தபோது, உமி நீங்காத பழங்காலக் கோதுமையின் கதிர்கள் அதில் இருந்தன. கடைசிநாள் சேகரிப்பு! ஆங்கிலேயருக்கு ஒற்றர், விவசாயத்தைக் கெடுத்த சதிகாரர் என்று குற்றஞ்சாட்டி 1941 ஜூலையில் மரண தண்டனை விதித்தார்கள். 1942-ல் அது இருபதாண்டுச் சிறையாயிற்று. அதே ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் அயல்நாட்டு உறுப்பினராக்கியது. அவரோ சரத்தோவ் சிறையில் சக கைதிகளுக்கு விஞ்ஞானப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். 1943 ஜனவரி 26-ல் இறந்தார், வயது 55.

அதே நாட்களில் லெனின்கிராடை ஹிட்லர் படை வளைத்திருந்தது. 1941 குளிர்காலத்தில் ஊழியருக்கு ஒரு நாள் ரொட்டி 125 கிராம். வாவிலோவின் நிலையத்தில் டன் கணக்கில் அரிசி, கோதுமை, நிலக்கடலை, பயறு. காவலிருந்தவர்கள் அதைத் தொடவில்லை. நெல் சேகரிப்பைக் காத்த திமித்ரி இவானோவ் ஆயிரக்கணக்கான அரிசிப் பொட்டலங்களின் நடுவே பட்டினியால் இறந்தார். நிலக்கடலை நிபுணர் ஷூகின் தம் மேசையிலேயே சாய்ந்தார். இன்னும் பலர். தலைவர் சிறையில் இருக்கிறாரா, செத்தாரா என்றுகூட அறியாமல் அவர் சேர்த்த விதையை அவர்கள் காத்தார்கள்.

1955-ல் சோவியத் அரசே வாவிலோவ் குற்றமற்றவர் என்று அறிவித்தது. லைசென்கோவின் செல்வாக்கு 1964-க்குப் பிறகு சரிந்தது. அந்த நிலையம் இன்றும் வாவிலோவ் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒன்று பாக்கி. வாவிலோவின் மனைவி எலேனா பாருலினாவும் பயிர் விஞ்ஞானிதான். துவரையின் உறவான மைசூர்ப் பருப்பு இனங்களை ஆராய்ந்தவர். யுத்தத்தில் மகனோடு தம் சொந்த ஊரான சரத்தோவுக்கே வந்து சேர்ந்தார். கணவர் மாஸ்கோச் சிறையில் இருப்பதாக எண்ணி, தமக்குக் கிடைத்த உணவில் மிச்சம்பிடித்துப் பொட்டலம் கட்டி மாஸ்கோவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். சில தெருக்களுக்கு அப்பால் இருந்தது சரத்தோவ் சிறை.