அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தைத் தொடங்கியவர்... திறப்பு விழாவைப் பார்க்காமலே போனது ஏன்?

பழைய தமிழ்ப் படங்களில் ஹீரோ சென்னைக்கு வந்து இறங்கிவிட்டார் என்றால் அடுத்த ஷாட் பெரும்பாலும் எல்.ஐ.சி. கட்டடம்தான். இப்போது பக்கத்தில் இருக்கும் மெட்ரோ ஸ்டேஷனுக்கும் அதே பெயர். ஆனால் அதைக் கட்ட ஆரம்பித்தது எல்.ஐ.சி. இல்லை. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் என்ற செட்டிநாட்டுத் தொழிலதிபர். கட்டடம் திறக்கப்படுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, சிங்கப்பூரில் ஒரு விமானத் தீயில் அவர் இறந்துபோனார்.

(சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ.சிதம்பரம் வேறு, இவர் வேறு. பலரும் குழப்பிக்கொள்வதுண்டு.)

1908-ல் பிறந்தவர். பர்மா, மலாயா என்று கடல் கடந்து வட்டித் தொழில் செய்த நகரத்தார் சமூகம். அந்த அனுபவத்தை முறையான வங்கியாக மாற்ற வேண்டும் என்று நினைத்தார். 1937 பிப்ரவரி 10-ம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளைகள். அப்போது அவருக்கு வயது 28! கேரளத்தில் திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலையும் அவர் உருவாக்கியதுதான்.

யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் அவர் கையில் இருந்தது. அதன் தலைமையகமாகத்தான் மவுண்ட் ரோட்டில் இந்தக் கட்டடம் எழும்பத் தொடங்கியது. முதல் திட்டம் 18 மாடி. பிறகு குறைத்துவிட்டார்கள்.

13 மார்ச் 1954

சிட்னியிலிருந்து லண்டன் போகும் பி.ஓ.ஏ.சி. விமானம், சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் இறங்கும்போது ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கடல் சுவரில் இடித்தது. தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பிடித்தது. உள்ளே 40 பேர். உயிர் தப்பிய 7 பேருமே விமான ஊழியர்கள். பயணிகள் 31 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. சிதம்பரம் செட்டியாரும் அதில் ஒருவர். வயது 45.

விமானி 20 மணி நேரத்துக்கும் மேல் பணியில் இருந்தது விசாரணையில் தெரியவந்தது. இன்னொன்றும் தெரிந்தது: விமான நிலையத் தீயணைப்புப் பிரிவின் செயல்பாடு போதுமானதாக இல்லை. தீயணைப்பு வண்டி இருப்பது மட்டும் போதாது. ஆளை வெளியே கொண்டுவரும் கருவியும் பயிற்சியும் கூடவே இருக்க வேண்டும். இன்று சர்வதேச விதிப்படி, ஓடுபாதையின் எந்த மூலைக்கும் 3 நிமிடத்துக்குள் மீட்பு வண்டி போய்ச் சேர வேண்டும். விமானத்தின் பாதிக் கதவுகள் திறக்காவிட்டாலும் 90 விநாடியில் எல்லோரும் இறங்க முடியும் என்று நிரூபித்தால்தான் அந்த மாடலுக்கு அனுமதியே கிடைக்கும்.

1956-ல் ஆயுள் காப்பீடு தேசியமயமானது. பாதியில் நின்ற கட்டடமும் எல்.ஐ.சி. கைக்குப் போனது. 1959-ல் திறந்தபோது அதுதான் நாட்டிலேயே உயரமான கட்டடம்.

கட்டடமும் எரிந்தது

1975 ஜூலையில் எல்.ஐ.சி. கட்டடத்தில் பெரிய தீ. கான்கிரீட் எலும்புக்கூடு தாக்குப்பிடித்தது. சீரமைத்து மறுபடி பயன்படுத்தினார்கள். கட்டியவர்களைக் குறை சொல்வதிலும் அர்த்தமில்லை. தீ பாதுகாப்பு விதிகள் அடங்கிய தேசிய கட்டட விதித்தொகுப்பே 1970-ல்தான் வந்தது.

உயரமான கட்டடத்தில் என்ன சிக்கல்? படிக்கட்டு, லிஃப்ட் குழி, வயர் ஏறிப்போகும் பாதை எல்லாம் அடியிலிருந்து உச்சிவரை ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். தடுப்பு இல்லாவிட்டால் அது அப்படியே ஒரு புகைபோக்கிதான். கீழே பிடித்த தீயின் புகை, மேல் மாடியில் இருப்பவருக்கு விஷயம் தெரிவதற்குள் அங்கே வந்துவிடும். பல தீ விபத்துகளில் ஆட்கள் இறப்பது நெருப்பு பட்டு அல்ல, இந்தப் புகையால்.

அதனால்தான் புகையை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் டிடெக்டர், வயர் பாதையை ஒவ்வொரு மாடியிலும் அடைப்பது, தானாக மூடிக்கொள்ளும் படிக்கட்டுக் கதவு எல்லாம். நம்ம ஆபீஸ்களில் அந்தக் கதவுக்குத்தான் காத்து வரட்டும்னு நாற்காலி முட்டுக் கொடுத்து வைத்திருப்பார்கள். கதவு திறந்தே கிடந்தால் படிக்கட்டும் புகைபோக்கிதான். இறங்க வழி இருக்காது.

2023 ஏப்ரல் 2-ம் தேதி அதே கட்டடத்தின் உச்சியில் இருந்த பெயர்ப் பலகை தீப்பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆபீஸில் ஆள் இல்லை. உயரத்துக்கு எட்டும் ஸ்கைலிஃப்ட் வண்டியைக் கொண்டுவந்து தீயை அணைத்தார்கள். யாருக்கும் காயமில்லை.