காசுப் பொறி கண்ட சார்லஸ் ஃபே

முன்னுரை

உலகிற் பெயர் நிறுவியோர் அனைவரும் ஒரே திறத்தினர் அல்லர். நோய்க்கு மருந்து கண்டோரும், நாட்டிற்கு உரிமை தேடித் தந்தோரும், அறிவு நூல் யாத்தோரும் ஒருபுறம் நிற்க, நன்மைக்கும் தீமைக்கும் ஒருங்கே இடமான ஒரு பொருளை ஆக்கிவைத்துப் புகழும் பழியும் எய்தினோரும் உளர். அத்தகையோருள் ஒருவர் சார்லஸ் ஃபே. அமெரிக்க நாட்டிலுள்ள காசினோ என்னும் சூதாட்ட மண்டபங்களில் வரிசை வரிசையாக நிற்கும் ஸ்லாட் மெஷின் என்னும் காசுப் பொறிக்குத் தந்தை இவரே எனக் கூறுதல் வழக்கம்.

சூதினை விலக்க ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் வழிவந்த நாம் இவர் வரலாற்றைக் கூறப் புகுந்தது ஏன் எனச் சிலர் வினவக்கூடும். காரணம் இரண்டு. ஏழைத் தொழிலாளி ஒருவர் கைத்திறனொன்றையே முதலாகக் கொண்டு முன்னேறிய வரலாறு மாணவர் அறியத்தக்கது. அதனினும் முக்கியமானது, அவர் செய்த பொறியினுள் ஒரு கணக்கு மறைந்து கிடக்கின்றது என்பது. பல்லாண்டுகளாக எவரும் பெறாது குவிந்து கிடக்கும் ஜாக்பாட் என்னும் பெரும்பரிசைக் கண்டு மயங்குவோர், அக்கணக்கை அறியாமையாலேயே மயங்குகின்றனர். அதனை அறிதற்கு ஃபேயின் வாழ்க்கை நல்லதொரு வாயிலாகும்.

பிறப்பும் இளமையும்

ஜெர்மானிய நிலப்பகுதியாகிய பவேரியாவில் ஃபோரிங்கன் என்னும் ஊரில் 1862-ஆம் ஆண்டு இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஆகஸ்ட் என்பதாம். பதினாறு மக்களைக் கொண்ட பெருங்குடும்பம் அவர்களுடையது. இவர் பதினான்கு வயதளவிலேயே மியூனிக் நகரில் உழவுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையொன்றில் வேலைக்கு அமர்ந்தார். சில காலத்திற்குப்பின் தாய்நாட்டை நீங்கிப் பிரான்சு தேசத்திற்கும், அங்கிருந்து இலண்டன் மாநகருக்கும் சென்றார். இலண்டனிற் சில ஆண்டுகள் கப்பலோட்டிகளுக்கு வேண்டிய நுண்கருவிகளைச் செய்யும் தொழிலிற் பழகினார்.

சக்கரமும் வில்லும் பல்லும் ஒன்றோடொன்று இம்மியும் பிசகாமல் இயைதல் வேண்டும் என்னும் பாடத்தை இப்பட்டறைகளே அவருக்குக் கற்பித்தன. பிற்காலத்தில் அவர் ஆக்கிய பொறிகள் யாவும் இப்பாடத்தின் பயனே என்று நாம் துணியலாம்.

சான் பிரான்சிஸ்கோ வாழ்க்கை

பின்னர் அமெரிக்கா சேர்ந்த ஃபே, 1885-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாகாணத்துச் சான் பிரான்சிஸ்கோ நகரை அடைந்தார். தங்கச் சுரங்கங்களாலும் துறைமுக வாணிகத்தாலும் வளர்ந்த நகரம் அது. மதுச்சாலைகளும் அவற்றிற் காசு வைத்து ஆடும் ஆட்டங்களும் அங்கு மலிந்திருந்தன. மின்கருவிகள் செய்யும் தொழிற்சாலையொன்றில் ஃபே பணிபுரிந்தார். அந்நாளில் காசநோய் அவரைப் பற்றியது. பிழைத்தல் அரிதென்று கருதப்பட்ட நிலையிலிருந்து தேறியெழுந்தார். 1889-ஆம் ஆண்டில் மணம் புரிந்துகொண்டார். ஆகஸ்ட் என்னும் பெயரைச் சுருக்கிப் பிறர் அழைத்த முறை பிடிக்காமையால் சார்லஸ் என்னும் பெயரை மேற்கொண்டார் என்பர்.

அக்காலத்திலேயே காசு போட்டு ஆடும் பொறிகள் சில வழங்கின. நியூயார்க்கைச் சார்ந்த புரூக்ளினில் 1891-ஆம் ஆண்டளவில் சிட்மன், பிட் என்னும் இருவர் ஐந்து உருளைகளில் ஐம்பது சீட்டுகளைப் பொருத்திய பொறியொன்றைச் செய்தனர். சீட்டுக் கட்டில் உள்ளவை ஐம்பத்திரண்டு அல்லவா? எஞ்சிய இரண்டையும் நீக்கிவிடுதல் வழக்கமாயிற்று. பெரும்பாலும் நீக்கப்பட்டவை ஸ்பேடு பத்தும் ஹார்ட் ஜாக்கியும் ஆகும். அவ்விரண்டும் இல்லையாயின், நான்கு இனங்களுள் இரண்டில் மிக உயர்ந்த சீட்டுக்கோவை அமையவே மாட்டாது. ஆகவே ஆடுவோனுடைய நல்வாய்ப்பு அவன் அறியாமலே பாதியாகக் குறைந்தது. வென்றோர்க்குப் பரிசு தருதலும் பொறியின் தொழிலன்று. கடைக்காரரே மதுவோ சுருட்டோ கொடுப்பார். சீட்டுக்கோவைகள் மிகப் பலவாதலால், வென்றதைத் தானே எண்ணிக் காசு தரவல்ல பொறியைச் செய்தல் எளிதன்று.

மணிப் பொறி

இந்நிலையில் ஃபே 1894-ஆம் ஆண்டளவில் காசுப் பொறிகளைச் செய்யத் தொடங்கினார். நகரில் வாழ்ந்த குஸ்தாவ் ஷுல்ட்ஸ் முதலிய ஜெர்மானியத் தொழிலாளர் இத்துறையில் அவருக்கு முன்னோடியாய் இருந்தனர். எனினும் அனைவரினும் மேம்பட்டது ஃபேயின் லிபர்ட்டி பெல் என்னும் விடுதலை மணிப் பொறியே. அது தோன்றியது 1895 எனச் சில நூல்களும் 1899 எனப் பிற நூல்களும் கூறும்.

அப்பொறியின் அமைப்பு எளிமையானது. உருளைகள் ஐந்தினை மூன்றாகக் குறைத்தார். ஒவ்வொன்றிலும் நிற்குமிடம் பத்து. குதிரை லாடம், மணி, சீட்டுகளின் ஹார்ட், டைமண்ட், ஸ்பேடு முதலிய உருவங்கள் அவற்றில் எழுதப்பட்டன. ஐந்து சென்ட் நாணயத்தை இட்டுப் பக்கத்திலுள்ள கைப்பிடியை இழுத்தால் உருளைகள் சுழன்று ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். மூன்று மணிகளும் ஒரே வரிசையில் வந்தால் மிகப் பெரிய பரிசு. அது ஐம்பது சென்ட் எனப் பெரும்பாலோர் எழுதுவர். உருவங்கள் சிலவே ஆதலின், வென்றது எது என்பதைப் பொறியே உணர்ந்து நாணயங்களைத் தானே கீழே தள்ளிற்று. கடைக்காரர் தயவு வேண்டாதாயிற்று. இதுவே ஃபேயின் அருஞ்செயல்.

கள்ள நாணயத்தைப் பிரித்தறியும் நுண்ணிய உறுப்பொன்றையும் அவர் அமைத்தார். பொறிகளை விலைக்கு விற்காமல் மதுச்சாலைகளில் நிறுத்தி, வரும்படியில் உரிமையாளர் பாதியும் தாம் பாதியுமாகப் பகிர்ந்துகொண்டார். மார்க்கெட் தெருவிலிருந்த அவர் தொழிற்சாலைக்குப் பொறி வேண்டுவோர் ஓயாது வந்தனர்.

மணிப் பொறியின் கணக்கு

இனி அப்பொறியின் கணக்கை நோக்குவோம். உருளை மூன்று, ஒவ்வொன்றிலும் நிலை பத்து. ஆகவே நேரக்கூடிய சேர்க்கைகள் பத்தைப் பத்தாற் பெருக்கி மீண்டும் பத்தாற் பெருக்க வரும் 1000 ஆகும். அவற்றுள் ஒரேயொரு சேர்க்கைக்குப் பரிசு என்று கொள்வோம். அப்படியாயின் ஆயிரம் முறை இழுத்தவனுக்குப் பரிசு கிடைத்தே தீரும் என்று பலர் எண்ணுவர். உண்மை அஃதன்று. தனித்தனியே ஆயிரம் முறை இழுப்போர் நூறு பேரை நிறுத்தினால், அவர்களுள் ஏறக்குறைய முப்பத்தேழு பேர் அப்பரிசைக் காணாமலே திரும்புவர். மூவாயிரம் முறை இழுத்தாலும் நூற்றுக்கு ஐவர் வெறுங்கையராய் நிற்பர்.

இதன் காரணம் யாது? உருளைக்கு நினைவில்லை. முன்னர் ஆயிரம் முறை பொய்த்தோம், இம்முறையேனும் அருளுவோம் என்று அது கருதுவதில்லை. முதல் இழுப்பிலும் ஆயிரத்தோராம் இழுப்பிலும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றே. நெடுநாள் வராதது இனி விரைவில் வந்தாக வேண்டும் என்னும் எண்ணம் மனிதன் மனத்தில் உள்ளதேயன்றிப் பொறியினுள் இல்லை.

இழப்புகள்

பிறருடைய இழப்பினால் வளர்ந்த இத்தொழிலில் ஃபேயும் இழப்பினின்று தப்பவில்லை. சூதாட்டக் கருவிகளுக்குக் காப்புரிமை பெறுதல் அக்காலத்தில் அரிதாயிருந்தது. இத்தகைய பொறியால் உலகிற்குப் பயனில்லை என்னும் காரணத்தால் காப்புரிமை செல்லாதென 1897-ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவிலிருந்த கூட்டாட்சி நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. ஆகவே ஃபேயின் பொறியைப் பார்த்துச் செய்வாரைத் தடுப்பார் எவரும் இலர். சிக்காகோ நகரத்து மில்ஸ் நாவல்டி என்னும் கம்பெனி 1907-ஆம் ஆண்டளவில் அவர் முறையைத் தழுவிய பொறிகளைப் பெருந்தொகையாகச் செய்து நாடெங்கும் பரப்பிற்று.

அதற்கு முந்திய ஆண்டிலேயே வேறொரு பேரிடர் வந்தது. 1906 ஏப்ரல் 18-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் குலைத்தது. தொடர்ந்து எழுந்த பெருந்தீயில் ஃபேயின் தொழிற்சாலை அழிந்தது. மணிப் பொறிகளுள் மிகச் சிலவே எஞ்சின. 1909-ஆம் ஆண்டில் அந்நகரமும், 1911-ஆம் ஆண்டிற் கலிபோர்னியா மாகாணமும் காசுப் பொறிகளை விலக்கின. தடைகளுக்குத் தப்பும்பொருட்டு, காசுக்குப் பதிலாக மெல்லும் பசைமிட்டாய் தரும் பொறிகளும் தோன்றின. பிற்காலப் பொறிகளிற் காணும் செர்ரி, எலுமிச்சை முதலிய பழ உருவங்கள் அவற்றின் எச்சமே.

இத்தனையும் நேர்ந்தபின்னரும் ஃபே தொழிலைக் கைவிட்டாரல்லர். முதுமை எய்துமளவும் பொறிகள் செய்துகொண்டிருந்து 1944-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் தொழிற்சாலை இருந்த இடத்தைக் கலிபோர்னியா மாகாணம் வரலாற்றுச் சின்னமாக மதித்து நினைவுப் பலகை நாட்டியுள்ளது.

பெறுவாரற்ற பெரும்பரிசு

ஃபேயின் பொறியிற் பரிசு சிறிது. வாய்ப்பும் விரலால் எண்ணத்தக்கது. அவருக்குப்பின் வந்தோர் பரிசைப் பெரிதாக்க விரும்பினர். பரிசு பெருகவேண்டுமாயின் வாய்ப்புக் குறைதல் வேண்டும். மில்ஸ் கம்பெனியார் உருளையின் நிலைகளை இருபதாக்கினர். உடனே சேர்க்கைகள் 8000 ஆயின. ஆயினும் உருளையின் சுற்றளவிற்கு ஓர் எல்லை உண்டு. 1984-ஆம் ஆண்டில் இங்கே டெல்னாஸ் என்பார் பெற்ற காப்புரிமை அவ்வெல்லையைத் தகர்த்தது. கணினியே எண்களைப் பொறுக்கி உருளை எங்கு நிற்கவேண்டும் என விதிக்கும் முறை அது. கண்ணுக்குத் தெரியும் உருளையில் இருபது நிலைகளே இருப்பினும், உள்ளே நூற்றுக்கணக்கான நிலைகள் இருத்தல் கூடும். ஆடுவோன் காணும் உருளை வேறு, அவன் விதியை வகுக்கும் உருளை வேறாயிற்று.

இதனால் பரிசும் வளரலாயிற்று. ஒவ்வொருவரும் இடும் காசின் ஒரு சிறு பங்கைப் பெரும்பரிசில் சேர்த்துக்கொண்டே செல்வதே வளரும் ஜாக்பாட்டின் முறை. 1986-ஆம் ஆண்டில் நெவாடா மாகாணத்தில் மெகாபக்ஸ் என்னும் பெயரால் பல மண்டபங்களிலுள்ள பொறிகளைத் தொலைபேசிக் கம்பிகளால் இணைத்து, அனைத்திற்கும் ஒரே பரிசு வைத்தனர். 2003-ஆம் ஆண்டில் லாஸ் வேகாஸ் நகரில் ஒருவர் பெற்ற அப்பரிசு 3 கோடியே 97 லட்சம் டாலர். அதனைப் பெறும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து கோடியில் ஒன்று என்பர்.

அந்நகரத்து எம்.ஜி.எம். கிராண்ட் மண்டபத்தில் லயன்ஸ் ஷேர் என்னும் பழைய பொறியொன்று இருந்தது. அதன் இனத்துப் பிற பொறிகள் அகற்றப்பட்டபின்னும் அஃதொன்றே நின்றது. குவிந்த பரிசை மண்டபத்தார் தமக்கென எடுத்துக்கொள்ளல் ஆகாது, ஆடுவோர்க்கே அது சேரல் வேண்டும் என்பது நெவாடாவின் விதி. இருபது ஆண்டளவாக எவரும் வெல்லாமையால் அப்பொறியின் புகழ் எங்கும் பரவி, அதன்முன் அமர மக்கள் காத்து நின்றனர். இறுதியில் 2014 ஆகஸ்டு மாதத்தில் ஒரு தம்பதியர் சிறிது நேரமே ஆடி 24 லட்சம் டாலர் பெற்றனர். இருபது ஆண்டு காசிட்டோர்க்குக் கிட்டாதது சற்றுமுன் வந்தோர்க்குக் கிட்டிற்று. பொறிக்கு நினைவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இங்கு ஓர் ஐயம் எழலாம். பரிசு வளர வளர, ஆடுவோனுக்குச் சராசரியாகத் திரும்பும் தொகையும் வளருமன்றோ? ஆம், வளரும். ஒரு கோடியில் ஒரு வாய்ப்புள்ள பொறியில், இழுப்பொன்றிற்கு ஒரு ரூபாய் என வைத்து, பரிசு ஒரு கோடி ரூபாயைக் கடக்குமாயின், ஏட்டுக் கணக்கின்படி ஆடுதல் ஆதாயமே. ஆனால் அச்சராசரியைக் காணக் கோடி முறை இழுத்தல் வேண்டும். நிமிடத்திற்குப் பத்து முறையாக, இரவும் பகலும் உறங்காது இழுத்தாலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் செல்லும். அதன்பின்னும் நூற்றுக்கு முப்பத்தேழு பங்கு வெறுங்கையே மிஞ்சும். பரிசின் தொகை வளர்ந்ததேயன்றி, அது நம் கைக்கு வரும் வாய்ப்பு ஓர் அணுவளவும் வளரவில்லை.

முடிவுரை

குவிந்து கிடக்கும் அப்பெரும்பரிசு யாருடைய பொருள்? மண்டபத்தார் மனமுவந்து அளித்த கொடையன்று. முன்பு தோற்றுச் சென்ற ஆயிரமாயிரம் பேர் இட்ட காசின் திரட்சியே அது. அது பெரிதாய் ஒளிருந்தோறும், தோற்றோர் தொகையும் பெரிது என்பதையே அது நமக்கு உரைக்கின்றது.

சார்லஸ் ஃபேயின் கைத்திறம் போற்றற்குரியது. நோயும் தீயும் பிறர் கவர்தலும் அசைக்க முடியாத அவருடைய ஊக்கமும் போற்றற்குரியதே. அவர் உருளைகளின் முடிவை எந்தத் திறமையாலும் மாற்றுதல் இயலாது. ஆயினும் அவ்வுருளைகளைக் கடைந்தெடுத்த கை, பல்லாண்டு பழகிய திறமையினாலேயே வாழ்ந்தது. பொறியைச் செய்தவர் தம் வாழ்நாளில் எதனை நம்பினார் என்பதை மாணவ நண்பர்கள் சிந்திப்பாராக.