ருடால்ஃப் ஊலென்ஹவுட்

ருடால்ஃப் ஊலென்ஹவுட் (ஜூலை 15, 1906 - மே 8, 1989) ஜெர்மானியத் தானுந்துப் பொறியியலாளர் ஆவார். மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தின் டபிள்யூ 125, டபிள்யூ 196 பந்தயத் தானுந்துகளும் 300 எஸ்எல் தானுந்தும் இவரது பொறுப்பில் உருவானவை. எந்திரத்தின் மிகுதியான திறனைப் பின்சக்கரங்கள் வழுக்காமல் சாலைக்குக் கடத்துவது எப்படி என்னும் சிக்கலுக்கு இவர் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைத் தேர்ந்தெடுத்தார்.

இளமை

இலண்டனில் ஜெர்மானியத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தார். மியூனிக் நகரில் இயந்திரப் பொறியியல் பயின்று, 1931 இல் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 1936 இல், முப்பதாவது வயதில், பந்தயப் பிரிவின் தொழில்நுட்பப் பொறுப்பு இவரிடம் வந்தது.

டபிள்யூ 125

அவ்வாண்டு டபிள்யூ 25 தானுந்து பல தோல்விகளைக் கண்டிருந்தது. பந்தய ஓட்டுநராக இல்லாதபோதும், ஊலென்ஹவுட் அதை நியூர்பர்க்ரிங் தடத்தில் தாமே நெடுந்தொலைவு ஓட்டி ஆராய்ந்தார். ஸ்பிரிங்குகள் மிக விறைப்பாகவும் சட்டகம் மிக நெகிழ்வாகவும் இருப்பதைக் கண்டறிந்தார். அதாவது, ஸ்பிரிங் செய்யவேண்டிய வேலையைச் சட்டகம் செய்துகொண்டிருந்தது.

அத்தானுந்தின் பின்புறம் ஊசல் அச்சு இருந்தது. இவ்வமைப்பில் ஒவ்வொரு சக்கரமும் டிஃபரன்ஷியலை ஒட்டிய மூட்டிலிருந்து தனியே ஏறி இறங்கும். அப்போது சக்கரத்தின் சாய்வும் மாறுவதால், டயர் தன் முழு அகலத்தாலும் தரையைப் பற்றுவதில்லை.

1937 இல் வந்த டபிள்யூ 125 இல் விறைப்பான குழாய்ச் சட்டகமும், மென்மையான ஸ்பிரிங்குகளும், பின்புறம் டெ டியோன் அச்சும் அமைந்தன. 1890களில் பிரான்சில் தோன்றிய இவ்வச்சில், இரு சக்கரங்களையும் ஒரு குழாய் இணைத்து நேராக நிறுத்துகிறது. டிஃபரன்ஷியல் சட்டகத்தில் பொருத்தப்படுகிறது. (அம்பாசடர் காரில் உள்ளது போன்ற முழு அச்சில் டிஃபரன்ஷியலும் சக்கரங்களுடன் சேர்ந்து துள்ளும், முடுக்கும்போது திருகுவிசை ஒரு பின்சக்கரத்தின் பளுவையும் குறைக்கும்.) விதிப்படி 750 கிலோகிராமுக்கு மிகாத அவ்வண்டியின் 5.66 லிட்டர் எந்திரம் ஏறத்தாழ 590 குதிரைத்திறன் தந்தது. ருடால்ஃப் கராச்சியோலா அதில் 1937 ஐரோப்பிய வாகையர் ஆனார். இப்பந்தயங்களுக்கு நாசி அரசின் நிதியுதவியும் இருந்தது.

போருக்குப் பின்

1952 இன் 300 எஸ்எல் பந்தய வண்டிக்கு, நிறுவனத்தின் 300 வகைக் காரின் எந்திரமும் அச்சுகளுமே பயன்பட்டன. இதனால் ஊசல் அச்சு மீண்டும் வந்தது. அவ்வண்டி அவ்வாண்டு லெ மான்ஸ் பந்தயத்தை வென்றது. ஆனால் அதே அச்சுடன் 1954 இல் விற்பனைக்கு வந்த 300 எஸ்எல் காரில், வளைவின் நடுவே முடுக்கியிலிருந்து காலை எடுத்தால் பின்புறம் உயர்ந்து, சக்கரங்கள் உள்வாங்கி, வண்டி சுழல வாய்ப்பிருந்தது.

இரு அரை அச்சுகளுக்கும் டிஃபரன்ஷியலுக்குக் கீழே ஒரே மூட்டை வைத்தால் சாய்வு மாற்றம் குறையும். ஃபான்ஜியோ 1954, 1955 உலகப் பட்டங்களைப் பெற ஓட்டிய டபிள்யூ 196 இல் இத்திருத்தம் இருந்தது. 300 எஸ்எல் வாங்கியோருக்கோ அது 1957 இன் திறந்த வண்டியில்தான் கிடைத்தது.

ஜூன் 11, 1955 அன்று லெ மான்ஸ் பந்தயத்தில் 300 எஸ்எல்ஆர் வண்டியொன்று சிதறிப் பார்வையாளர்மீது பாய்ந்தது. ஓட்டுநர் லெவே உட்பட எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டு இறுதியில் நிறுவனம் பந்தயங்களிலிருந்து விலகியது. பந்தயத்துக்கெனச் செய்யப்பட்ட இரு மூடிய 300 எஸ்எல்ஆர் வண்டிகளும் களம் காணவில்லை; ஒன்றை ஊலென்ஹவுட் அலுவல் பயணங்களுக்கு ஓட்டினார்.

1972 இல் ஓய்வு பெற்ற இவர், 1989 இல் ஸ்டுட்கார்ட் நகரில் காலமானார். அம்மூடிய வண்டிகளுள் ஒன்று 2022 மே மாதம் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது.