வேலூர்க்காரர் தொடங்கிய பட கம்பெனி

உங்க பேட்ச்லயும் இப்படி ஒரு கும்பல் கண்டிப்பா இருக்கும். ஒருத்தன்கிட்ட கேமரா இருக்கும். ஒருத்தனுக்கு எடிட்டிங் தெரியும். ஒருத்தி கதை எழுதுவா. இன்னொருத்தனுக்கு எதுவுமே தெரியாது, ஆனா எங்க போனாலும் பர்மிஷன் வாங்கிட்டு வந்துடுவான். எங்க கும்பல் சத்துவாச்சாரியில ஒரு மொட்டை மாடி ரூம்ல கூடும். படிப்பு முடிஞ்சதும் சின்னதா ஒரு வீடியோ கம்பெனி ஆரம்பிக்கணும்னு பிளான். முதல்ல கல்யாண வீடியோ, அப்புறம் ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு விளம்பரம், அப்புறம் சொந்தப் படம். பேர் வைக்கிற சண்டையிலேயே மூணு நாள் போச்சு.

அப்பதான் எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சுது. தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்தை எடுத்தவர் நம்ம வேலூர்ல பிறந்தவர். பேர் ஆர். நடராஜ முதலியார். கம்பெனி ஆரம்பிக்கிற ஆசை உங்களுக்கும் இருந்தா, இவர் கதையை ஒரு தடவை படிச்சுடுங்க.

பிறந்தது 1885. இளம் வயதில் சென்னைக்குப் போய், உறவினர் தர்மலிங்க முதலியாரோடு சேர்ந்து சைக்கிள் வியாபாரம் ஆரம்பித்தார். ஒரு சைக்கிள் 25 ரூபாய். பிறகு அமெரிக்கக் கார்களையும் உதிரி பாகங்களையும் இறக்குமதி செய்யும் தொழிலுக்கு மாறினார். ஒரு கார் விலை 1,000 ரூபாய். இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இதுவரைக்கும் சினிமாவே இல்ல, கவனிச்சீங்களா? கடை நல்லா ஓடுது, வருமானம் வருது. தாதாசாகேப் பால்கே 1913-ல் எடுத்த ராஜா ஹரிச்சந்திராவும் அடுத்து வந்த படங்களும் அவரைப் பிடித்துக்கொண்டன. ஏற்கெனவே போட்டோகிராபியில் ஆர்வம் உண்டு. ஆனால் சினிமா கேமராவைத் தொட்டதில்லை. சொல்லித்தர சென்னையில் பள்ளிக்கூடமும் கிடையாது. புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் போய்க் கற்றுக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் தொழில் நண்பர்களைப் பணம் போடச் சொல்லி, இந்தியா ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கினார். தென்னிந்தியாவின் முதல் பட கம்பெனி அதுதான். தஞ்சாவூர்ப் பக்கத்து மூப்பனார் ஒருவர் மூலம் வில்லியம்சன் கேமராவும் பிரிண்டரும் 1,800 ரூபாய்க்குக் கிடைத்தன. ஃபிலிம் லண்டனிலிருந்து வந்தது. புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஒரு பங்களா ஸ்டூடியோ ஆனது. லைட் கிடையாது. மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கூரை மாதிரி கட்டி, வெயிலை வடிகட்டி எடுத்தார்கள். இன்னைக்கு நாம டிஃப்யூஷன்னு சொல்லி ஆன்லைன்ல வாங்குற அதே துணிதான்.

அடுத்துதான் முக்கியமான இடம். தனக்கு என்ன வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கதை எது என்று நாடக மேதை பம்மல் சம்பந்த முதலியாரிடம் கேட்டார். அவர் சொன்னது மகாபாரதத்தில் வரும் கீசகன் கதை. முதல் படத்துக்கே இப்படி ஒரு கதையா என்று உறவினர்கள் முகம் சுளித்தார்கள். ஜனங்களுக்குத் தெரிந்த கதை, பேச்சு இல்லாமலே புரியும் என்று பம்மல் தைரியம் கொடுத்தார். எழுத வராது என்பதால் வக்கீல் நண்பர் ரங்கவடிவேலு துணைக்கு வந்தார். அவர் சுகுண விலாச சபை மேடையில் பெண் வேடத்துக்குப் பெயர் வாங்கியவர். ஸ்டூடியோவிலும் நின்று நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ராஜு முதலியார் கீசகன், ஜீவரத்தினம் திரௌபதி. கேமராவைச் சுற்றியது, கழுவியது, வெட்டி ஒட்டியது எல்லாம் நடராஜ முதலியாரே.

கேமராவைச் சுற்றுவதும் ஒரு தொழில்நுட்பம்தான். மோட்டார் இல்லை, கையால் சுற்ற வேண்டும். நொடிக்கு 16 ஃபிரேம். கை வேகம் கூடினாலும் குறைந்தாலும் திரையில் நடிகர் ஓடுவார், இல்லையென்றால் தவழ்வார். 35 எம்.எம். ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம், அதனால் நொடிக்கு ஒரு அடி. படத்தின் நீளம் 6,000 அடி. கணக்கு போட்டுப் பாருங்க, 100 நிமிஷம்.

சென்னை வெக்கையில் ஃபிலிம் கழுவுவது சிரமம். தண்ணீர் சூடானால் மேலே இருக்கும் ஜெலட்டின் பூச்சு இளகிவிடும். அதனால் லேபை பெங்களூரில் வைத்தார். எடுத்ததைக் கழுவிப் பார்க்க வார இறுதியில் அங்கே போய்விட்டு, திரும்பி வந்து ஷூட்டிங்கைத் தொடர்வார். அந்த ரயில் பாதை நம்ம காட்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை வழியாத்தான் போகுது. எடுத்த ஷாட் நல்லா வந்திருக்கான்னு தெரிய ஒரு வாரம் காத்திருக்கணும். நாம மானிட்டர்ல பார்த்துட்டே பத்து டேக் போறோம்.

சுமார் 35 நாள் ஷூட்டிங், 35,000 ரூபாய் செலவு. இப்ப அந்தக் கார் கணக்கை எடுங்க. 35 கார் வாங்குற காசு! கீசக வதம் மவுண்ட் ரோடு எல்பின்ஸ்டன் தியேட்டரில் வெளியானது. பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர் வரை ஓடியது. வசூல் 50,000 ரூபாய், லாபம் 15,000. அதன் பிறகு திரௌபதி வஸ்திராபகரணம், லவகுசா, மார்க்கண்டேயா, மயில் ராவணா என்று வரிசையாக எடுத்தார்.

இதோட நிறுத்தினா நல்ல மோட்டிவேஷன் கதைதான். ஆனா நடந்தது அது இல்ல. ஸ்டூடியோ தீக்கிரையானது. மகனும் இறந்துபோனான். 1923-ல் சினிமாவை விட்டே விலகினார். பட கம்பெனி நடத்தியது சில வருஷம்தான். அதற்குப் பிறகு 48 வருஷம் வாழ்ந்தார். 1931-ல் காளிதாஸ் வந்து தமிழ் சினிமா பேசத் தொடங்கியதையும், அது கலருக்கு மாறியதையும் பார்க்கும் அளவுக்கு ஆயுள் இருந்தது. 1971-ல் காலமானார்.

அவர் எடுத்த படங்களில் ஒன்றுகூட இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. அந்தக் கால ஃபிலிம் நைட்ரேட், பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும். எரியாதது காலப்போக்கில் தானே மக்கிப்போகும். கீசக வதம் வெளியான வருஷத்தைக்கூட ஒருவர் 1916 என்கிறார், ஒருவர் 1917, இன்னொருவர் 1918. சரிபார்க்கப் படம் இருந்தால்தானே!

இதைப் படிச்சப்போ எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. ஏன்னா எங்க முதல் குறும்படம், மூணு மாச உழைப்பு, ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்ல இருந்தது. ரூம் மாத்தும்போது அது படியில உருண்டு போச்சு. இப்ப எங்ககிட்ட இருக்கிறது வாட்ஸப்ல அனுப்பின 30 செகண்ட் மட்டும்தான். அதுல பாதி என் கட்டைவிரல்.

அதனால கேமரா எது வாங்கலாம்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்தை முடிவு பண்ணுங்க. உங்களுக்கு வராததைச் செய்யப்போறது யார்? எடுத்ததை எங்க, எத்தனை காப்பி வைக்கப்போறீங்க? முதல் கேள்விக்கு நடராஜ முதலியார்கிட்ட பதில் இருந்தது. ரெண்டாவதுக்கு அந்தக் காலத்துல அவரால என்ன பண்ணியிருக்க முடியும்? நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

நாங்க ரெண்டாவது டிஸ்க் வாங்கிட்டோம். மூணாவது காப்பி, எதுவுமே தெரியாதுன்னு சொன்னேனே, அவன் வீட்டு பீரோவுல இருக்கு. கம்பெனிக்குத்தான் இன்னும் பேர் வைக்கல.