மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை

ஒரு பாடத்தை முற்றக் கற்றாலன்றி அடுத்த பாடத்திற்குச் செல்லலாகாது என்னும் கொள்கையை அமெரிக்கக் கல்வியறிஞர் பெஞ்சமின் புளூம் 1968-இல் வகுத்துரைத்தார். ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்னரே அம்முறையிற் கற்பித்த ஆசிரியர் ஒருவர் நம் திரிசிரபுரத்திற்கு உரியவராயிருந்தமை பலரும் நினையாதது.

பிள்ளையவர்கள் 1815-ஆம் ஆண்டு இந்நகரை அடுத்த சிற்றூரொன்றிற் பிறந்தனர். தந்தையார் சிதம்பரம் பிள்ளையே முதலாசிரியர். இளமையிலேயே தந்தையை இழந்து வறுமையுற்றும் கல்வியை விட்டாரல்லர். தண்டியலங்கார ஏடு ஒரு பரதேசியிடம் உண்டென்று கேட்டு, வீடுதோறும் பிச்சையேற்கும் அவர் பின்னே திரிந்து, பணிவிடை செய்து, அந்நூலைப் பாடங் கேட்டனர். திருவரங்கத் தீவிலுள்ள திருவானைக்காவின் அகிலாண்டநாயகிமீது பிள்ளைத்தமிழ் பாடிப் புகழெய்தினர். பின்னர் மாயூரத்தில் வாழ்ந்து, திருவாவடுதுறை ஆதீன வித்துவானாயினர்.

அரிதிற் பெற்ற கல்வியை அவர் பொருள் பெறாது வழங்கினர். வறிய மாணவர்க்கு உணவும் அளித்தனர். தியாகராச செட்டியாரும், கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளையும், 1871-இல் வந்தடைந்த சாமிநாதையரும் அவர்பால் ஒருங்கே அன்பு பெற்றனர்.

அவர் கற்பித்த வகை நோக்கத்தக்கது. எடுத்தவுடன் பெருங்காப்பியத்துட் புகுத்தாமல், அந்தாதி, பிள்ளைத்தமிழ் முதலிய சிறு நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பயிற்றுவித்தனர். திரிபந்தாதியோ சொல்லால் ஆடும் விளையாட்டு. முதலெழுத்து மாத்திரம் வேறுபட, அதனை அடுத்து வரும் எழுத்துக்கள் சில நான்கடியிலும் ஒத்து வரும். பிரிக்கும் வகையாற் பொருள் வேறாகும். ஒரு செய்யுளின் இறுதி மறுசெய்யுளின் முதலாதலின், நினைவில் நிறுத்துதலும் எளிது. பதம் பிரித்துப் பொருள் காணும் மாணவன், புதிர் அவிழ்த்த மகிழ்ச்சியில் அடுத்த செய்யுளைத் தானே நாடுவான். இவ்வாறு திறம்பெற்ற பின்னர்ப் பெருநூல் அவனை அச்சுறுத்தாது.

பிள்ளையவர்கள் 1876-இல் மறைந்தனர். அவர்பாற் பயின்ற சாமிநாதையர், தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, 1880-இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயினர். 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றினர். உரையும் மூலமும் மயங்கிக் கிடந்த ஏடுகளைப் பகுத்தறிய, சிறு நூல்களிற் பெற்ற அப்பயிற்சி பெருந்துணையாயிற்று எனலாம்.

நம் கல்லூரிகளில், பருவம் முடிந்தவுடன் பாடமும் முடிந்ததாகக் கொள்ளப்படுகின்றது. பாதி விளங்கியவனும் முழுதும் விளங்கியவனும் ஒருங்கே மேலேறுகின்றனர். நாள் குறைவு, மாணவர் பலர் என்பன மெய்யே. ஆயினும், விளங்காத ஒன்றை விளங்கும்வரை விடாது பற்றும் உறுதியை எந்த அட்டவணையும் தடுப்பதில்லை. அன்பர்காள்! பரதேசியின் பின்னே நடந்த அவ்விளைஞரை நினைந்து, ஒரு நூலையேனும் முற்றக் கற்போமாக.